வைப்பர் மட்டும் ஓடிய கார்

மூடிய கண்ணாடிக்குள் நானும் என் தங்கை அமுதாவும். எதிரே, தூக்கி நிறுத்திய பானெட், ஒரு வெள்ளைச் சுவர் மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் குரல்கள். பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இடுக்கு. அதில் ஒரு கை வரும், ஒரு மோதிரம் வரும், வேட்டியின் ஜரிகை ஓரம் வரும், போகும். பொம்மலாட்டத்தைத் தப்பான பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

"இப்ப போடு!"

அமுதா சாவியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. சாகிற வண்டிகூட இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் சாகும். இது இருமவும் இல்லை.

"இப்ப?"

ஒன்றுமில்லை.

"வைப்பரப் போட்டுப் பாரும்மா."

வைப்பர் ஓடியது. சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்த கண்ணாடியைக் கிறீச் கிறீச்சென்று தேய்த்தது. ஒட்டியிருந்த மல்லிகைச் சரத்திலிருந்து நாலு பூவைப் பிய்த்து எறிந்தது.

"பாத்துகினியா? நம்மளுது ஓடுது!" என்று வெளியே ஏழுமலை மாமாவின் குரல் குதித்தது.

கார்களைப் பற்றி இந்தத் தொடரில் எழுத நேரும் என்று நான் நினைத்ததில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்காரத் தெரியும். அன்று அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், மடியில் தங்கையின் நகைப்பெட்டி.

பாலத்துக்கு இந்தப் பக்கம்

நடந்து சில வருடங்கள் இருக்கும். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கால்வாய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஓர் அம்மன் கோவில். செங்கல்பட்டிலிருந்து வரும் பெண் அங்கே நிற்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தோடும் பேண்டு வாத்தியத்தோடும் எதிர்கொண்டு வந்து, பாலத்தைத் தாண்டி மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும். பெண் அழைப்பு. மறுநாள் காலை முகூர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண் மண்டபத்துப் படியேறியாக வேண்டும்.

பெண் வந்துவிட்டாள். தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு, பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாக, திருக்கழுக்குன்றத்து நெரிசலில் ஒரு மாட்டையும் ஒரு மந்திரி வரவேற்புப் பந்தலையும் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். சொந்தக்காரர்களை ஏற்றி வந்த, மாமாக்களின் கம்பெனி பஸ்தான் பின்தங்கி வந்து சேர்ந்தது. கோவில் வாசலில் நிறுத்தினாள். எங்கள் பெரியம்மா நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். கதவைத் திறந்து, தங்கைக்குத் தலையிலிருந்து கால்வரை திருஷ்டி கழித்தாள். அப்புறம் அமுதா சாவியைத் திருப்பினாள்.

அதோடு சரி.

இறங்கி நடக்க வேண்டியதுதானே, பஸ்ஸில் ஏற வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முடியாது. காரணத்தின் பெயர் சரோஜாம்மா.

மிக்சர் தட்டுக்கு முன்னால் ஒரு பந்தயம்

சரோஜாம்மா மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை தயாளன், கடற்கரை ஓட்டல் ஒன்றில் காலை நேரத்தில் ஆம்லெட் போடுபவர். வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்க, ஒற்றைக் கையால் முட்டை உடைப்பார். மென்மையான மனிதர். முட்டையோடு புழங்கி அப்படி ஆகியிருக்கலாம்.

அமுதா செங்கல்பட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் மாமல்லபுரத்துக்குப் பஸ் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலைக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பழைய வெள்ளைக் கார் வேண்டும். அவள் கணக்கு அவ்வளவு எளிமையானது. நிச்சயதார்த்தத்திலேயே சொன்னாள், பெண் அழைப்புக்குத் தானே ஓட்டி வருவதாக. முதல் நாளே பழகிவிட்டால் அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தாள்.

சரோஜாம்மா மிக்சர் தட்டைக் கீழே வைத்தார்.

"இன்னாது? நீயே ஓட்டிக்கினு வரியா? நாங்க பொண்ணு எடுக்கறமா, டிரைவர் எடுக்கறமா?"

கூடம் சிரித்தது. எங்கள் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

"நடுவழில வண்டி நின்னுச்சுனா இன்னா பண்ணுவே?"

"நிக்காது அத்த."

"நின்னுச்சுனா?"

அமுதாவின் காது மடல் சிவந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் காதில்தான் தெரியும். "நின்னுச்சுனா வித்துர்றேன்" என்றாள்.

"தோ, அல்லாரும் கேட்டுக்கோங்க. நின்னா வித்துடுவாளாம். நிக்கலன்னா ஓட்டட்டும், நான் வாயே தொறக்க மாட்டேன்" என்று சரோஜாம்மா மறுபடி மிக்சர் தட்டை எடுத்தார். தயாளன் தன் தட்டில் இருந்த வேர்க்கடலைகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குச் சம்மதம்தான். ஆனால் அவருடைய சம்மதத்துக்குச் சத்தம் கிடையாது.

இப்போது கார் நின்றிருந்தது. கார் நின்றால் வேலையும் நின்றது. கோவிலுக்கு எதிர்ப்பக்கம், புளியமர நிழலில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே சரோஜாம்மா கையைக் குடையாக வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சிரிச்சிகினே இரு" என்றாள் அமுதா, உதட்டை அசைக்காமல்.

யாருடைய டிபார்ட்மென்ட்டும் இல்லை

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. மாமன்கள் உண்டு. எல்லோரும் மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலைகளில் இருந்தார்கள். அவர்களுடைய அப்பன்மார் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர்கள் தலையெடுத்தபோது நிலத்தில் கூரைத்தகடுகள் முளைத்திருந்தன. சீருடை, கம்பெனி பஸ், தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி. நல்ல மாற்றம்தான். யாரும் கண்ணீர் விடவில்லை.

ஏழுமலை மாமா வைப்பர் மோட்டார். ஜோசப் மாமா பிரேக் லைனிங். கன்னியப்பன் மாமா சைலன்சர். ஆளுக்கொரு பாகம். வாழ்நாளெல்லாம் அதே பாகம். விசேஷ வீட்டுப் பந்தியில் இவர்கள் வரிசையாக உட்கார்ந்தால் பாதிக் கார் உட்கார்ந்து சாப்பிடும்.

அவரவர் பாகத்தின் மீது அவர்களுக்கு இருந்த காதல் கொஞ்சநஞ்சமில்லை. அடைமழை நாளில் ஏழுமலை மாமா வேலைக்கு லீவு என்றால் வீட்டில் இருக்கமாட்டார். குடையை விரித்துக்கொண்டு ஜிஎஸ்டி சாலை ஓரத்தில் போய் நிற்பார். சரம் சரமாகப் போகும் கார்களின் கண்ணாடிகளில் நூறு கைகள் ஒரே சமயத்தில் "இல்லை, இல்லை" என்று அசைவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். யார் ஓட்டுகிறார்கள், எங்கே போகிறார்கள், அதெல்லாம் அவருக்கு வேண்டாம். நனைந்து வருவார். முகத்தில் கோவிலுக்குப் போய் வந்த களை இருக்கும்.

ஒரு காரை ஸ்டார்ட் செய்வது மட்டும் எங்கள் வம்சத்தில் யாருடைய டிபார்ட்மென்ட்டும் இல்லை.

"மச்சான், ஒயரு எதுனா அந்துகினு கீதா பாரு."

"ஒயரு என் லைன் இல்ல மாமே. லைனிங் கேளு, சொல்றேன்."

"லைனிங்க கேட்டு இன்னா பண்றது? நிக்கற வண்டிக்கு எதுக்குய்யா பிரேக்கு?"

"நிக்குது பாரு, அதாண்டா நம்ம பிரேக்கு!"

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாமா?"

"தொட்டே, கைய ஒடைப்பேன்!" இது கன்னியப்பன் மாமா. "கியரப் போட்டுத் தள்ளுனா எரியாத பெட்ரோலு நேரா சைலன்சருக்குள்ள போவும். உள்ள இன்னா வெச்சிருக்கோம்னு தெரியுமா உனுக்கு? தேனடை மாதிரி கீது. அது போச்சுன்னா போச்சு!"

"பொண்ணு வாழ்க்கை போவுது, இவுரு தேனடைக்கு அழுவுறாரு."

"பாட்டரி செத்துருக்கும். அமுதா, ஆரன அடி!"

அமுதா ஹாரனை அழுத்தினாள். கணீரென்று அடித்தது. பாட்டரி சாகவில்லை. ஆனால் அதைத்தான் கிளம்பச் சொல்லும் சைகை என்று நினைத்துப் பேண்டு வாத்தியக்காரர்கள் முழங்கத் தொடங்கிவிட்டார்கள். டிரம்பெட் உச்சத்துக்குப் போனது. தாம்பாளங்கள் எழுந்தன. சரோஜாம்மா தெருவைக் கடந்து எங்களை நோக்கி வந்தார்.

இன்ஜினுக்குக் கற்பூரம்

கண்ணாடியைத் தட்டினார். அமுதா இறக்கினாள்.

"இன்னாம்மா, பொறப்படலியா? ஏன் மூடி தொறந்து கீது?"

ஒரு நொடி. என் தங்கையை எனக்கு முப்பத்தைந்து வருடமாகத் தெரியும். அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஊசி வலிக்குமா என்று குழந்தை கேட்டால்கூட வலிக்கும் என்று சொல்கிறவள்.

"பூசை அத்த" என்றாள். "எங்க பக்கத்துல பொண்ணு பொறப்படறதுக்கு முந்தி இன்ஜினுக்குக் கற்பூரம் காட்டணும்."

சரோஜாம்மா யோசித்தார். "கற்பூரத்தக் காணோமே?"

"பெரியம்மா!" என்று கத்தினாள் அமுதா. "கற்பூரம் எட்த்துக்கினு வா! இன்ஜினுக்கு!"

பெரியம்மாவுக்கு ஏன் எதற்கு என்ற கேள்வியே வாழ்நாளில் வந்ததில்லை. கற்பூரத் தட்டோடு வந்தாள், திறந்த இன்ஜினுக்கு மேல் சுற்றத் தொடங்கினாள். கன்னியப்பன் மாமா அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்தார். "பெட்ரோலு கீது! அக்கா! பெட்ரோலு!" ஏழுமலை மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜோசப் மாமா, சிலுவைக்காரர், பழக்கத்தில் சிலுவை போட்டார். இடுக்கு வழியாக மூன்று சுற்று மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சிலர் கைகூப்பியதையும் பார்த்தேன்.

"சரி, பூசை ஆச்சில்ல? வண்டிய எடு. ராகு காலம் பொறக்கப் போவுது" என்றார் சரோஜாம்மா.

அமுதாவின் கை ஸ்டீரிங்கில் இருந்தது. மருதாணிக்கு நடுவே எலும்பு வெளுத்துத் தெரிந்தது.

"எடுக்கக் கூடாது அத்த. எங்க மொறையில பொண்ணு ஓட்டணும், தாய்மாமன்ங்க தள்ளணும். முன்னல்லாம் தாய்மாமன் தோள்ல தூக்கிக்கினு போவாங்க இல்ல? இப்ப காரு."

பானெட் படாரென்று மூடியது. அதற்குப் பின்னால் மூன்று மாமன்கள், மூன்று திறந்த வாய்கள். முதலில் சுதாரித்தவர் ஜோசப் மாமா.

"ஆமா சம்மந்தி! மாமன் தள்ளு! பரம்பர பரம்பரையா!"

கார் கண்டுபிடிப்பதற்கு முன்னாலும் தள்ளினார்களா என்று யாரும் கேட்கவில்லை. சரோஜாம்மா தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். தனக்குத் தெரியாத ஒரு முறை இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நெற்றியில் தெரிந்தது. அதை விட்டுக்கொடுக்கவும் பிடிக்கவில்லை.

"நியூட்ரல்ல போடு! நியூட்ரல்ல மட்டும்!" என்று பின்னாலிருந்து கன்னியப்பன் மாமா கெஞ்சினார்.

மாமன்கள் தள்ளினார்கள். நாலு எலுமிச்சம்பழங்களும் நசுங்கின. சத், சத், பிறகு இன்னும் இரண்டு. வெயிலில் புளிப்பு எழுந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

பத்தடிகூடப் போயிருக்கமாட்டோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வழிமறித்தார். "உங்க பக்கத்து மாமன்ங்க மட்டும் தள்ளுவாங்க, எங்க பக்கத்து மாமன்ங்க வேடிக்க பாக்கணுமா? எங்களுக்கு மரியாத இல்லியா?"

மரியாதை கொடுக்கப்பட்டது. டிக்கியில் கை வைக்க இடம் போதவில்லை. "அண்ணாத்த, கொஞ்சம் தள்ளி நில்லு, இது எங்க எடம்." "யோவ், பம்பரு உங்களுது, லைட்டு எங்களுது." முதுகுகளுக்கு நடுவே ஒரு முதுகு நுழைந்தது. பெண்ணுக்கு மாமன் முறை ஆகாத ஒரு பலூன் வியாபாரியும் தள்ளிக்கொண்டிருந்தார்.

வைப்பர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தட்டுமா என்று அமுதா கேட்டாள். ஏழுமலை மாமா ஜன்னலோடு ஓடிவந்து, "வோணாம்மா, அது ஓடறதாலதான் வண்டிக்கு உசுரு கீதுன்னு நெனைப்பாங்க" என்றார். வானத்தில் மேகத்தின் ஒரு நூல்கூட இல்லை.

பாலம் மேடு. ஏற்றத்தில் இரண்டு ஊர் மாமன்களும் ஒரே குரலில் முக்கினார்கள். உச்சியில் கடல் தெரிந்தது. தூரத்தில் ஒரு நீலக்கோடு, அதன் மேல் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வெளிச்சம். காற்று உப்பாக உள்ளே வந்தது. எனக்கு அழகாக இருந்தது. அப்போதுதான் முன்பக்கம் தாழ்ந்தது.

சரிவு.

பின்னால் யாரும் தள்ளவில்லை. தள்ளத் தேவையில்லை. கார் தானாக இறங்கியது. கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தேன். மாமன்கள் சிறுத்துக்கொண்டே போனார்கள், கைகள் இன்னும் தள்ளுகிற பாவனையில் நீண்டிருந்தன. முன்னால் பேண்டு வாத்தியம். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெரிய டிரம்மைக் கழுத்தில் கட்டிய மனிதர் கடைசி வரிசையில் ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சரோஜாம்மா.

"அமுதா."

"தெரிது."

இன்ஜின் ஓடாத காரில் பிரேக் கல்லாகிவிடும் என்பதை அன்று கற்றேன். ஸ்டீரிங்கும் அப்படித்தான், ஆட்டுக்கல் மாதிரி. அமுதா இரண்டு காலையும் தூக்கிப் பிரேக்கின் மேல் வைத்து சீட்டிலிருந்து எழுந்து நின்றாள். இடது கை ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தது. வலது முழங்கை ஹாரனை அழுத்தியது. நெற்றிச்சுட்டி கண்ணுக்கு மேல் தொங்கியது. அவள் முகத்தில் பயமே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு மூச்சு நின்றுபோகும்போது இப்படித்தான் இருப்பாள் போலிருக்கிறது.

ஹாரனை வாத்தியத்தின் பகுதியாக நினைத்து டிரம்காரர் இன்னும் உற்சாகமாக அடித்தார். சரோஜாம்மாதான் திரும்பினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அவர் வாய் திறப்பதைப் பார்த்தேன். டிரம்காரரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

கார் நின்றது. டிரம்காரரின் காலுக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு தாம்பூலத் தட்டை நிமிர்த்தி வைக்கும் இடம் இருந்தது.

மேட்டிலிருந்து வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஜோசப் மாமா, ஊருக்கே கேட்கும்படி கத்தினார். "புட்சுது பாத்தியா! என் லைனிங்கு! புட்சுது பாத்தியாடா!"

சரோஜாம்மா ஜன்னலுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. தங்கையின் கால்களைப் பார்த்தார், இரண்டும் இன்னும் பிரேக்கின் மேல். தொங்கிய நெற்றிச்சுட்டியைக் கை நீட்டி நேராக்கினார்.

"இதுவும் மொறையா?" என்றார் மெல்ல.

"இல்ல அத்த" என்றாள் அமுதா. "இது நான்."

அவர் நெற்றிச்சுட்டியிலிருந்து கையை எடுத்தார். திரும்பி, "பாத்துகினு நிக்கிறீங்களே, தள்ளுங்கடா! ராகு காலம் வருது!" என்று இரண்டு ஊர் மாமன்களையும் ஒரு அதட்டு போட்டார். மண்டபத்து வாசலில் பெண் இறங்கியபோது ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ரசம்

அன்று மாலை காய்கறி வண்டிக்கு வழிவிட, மண்டபத்து வாசலிலிருந்து காரை நகர்த்த வேண்டியிருந்தது. நலங்கு முடிந்த மாப்பிள்ளையே ஸ்டீரிங்கைப் பிடிக்க வந்தார். உட்கார்ந்தவர் எழுந்துவிட்டார். மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாது, காரு உள்ள ரசம் வாசன வருது?"

குனிந்தார். சமையல்காரரின் மூக்கு பொய் சொல்லாது. கிளச் மிதிக்குப் பின்னால், ஓர் அங்குல இடத்தில், பாதி நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று சிக்கியிருந்தது. எடுத்தார். மிதியை முழுசாக அழுத்தினார். சாவியைத் திருப்பினார். கார் பூனை மாதிரி உறுமியது.

கிளச் அடிமட்டம்வரை போகாவிட்டால் அந்தக் காருக்கு உயிர் வராதாம். பட்டுப்புடவைக் கொசுவத்துக்கு அடியில் அவளுக்கு மிதி தெரியவில்லை. கொஞ்சம் இறுகிய மாதிரி இருந்ததைப் புதுச் செருப்பின் வேலை என்று நினைத்திருக்கிறாள்.

பெரியம்மாவிடம் கேட்டோம். "ஆமா, சக்கரத்துக்கு நாலு. ஓட்றவ காலுக்கு ஒண்ணு வோணாமா? அவளுக்குத்தானே கண்ணு படும்?" என்றாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாமன்கள் அந்தப் பழத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் கன்னியப்பன் மாமா நிம்மதியாகச் சொன்னார்: "இது எங்க கம்பெனி அயிட்டம் இல்ல."

முறை

கார் விற்கப்படவில்லை. நின்றதாக யாரும் சொல்லவில்லையே. அமுதா இன்றும் இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறாள், வருகிறாள்.

ஆனால் வேறொன்று கிளம்பிவிட்டது. மாப்பிள்ளையின் பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தோம். நன்றாக ஓடுகிற புத்தம் புதுக் காரை அணைத்துவிட்டு, பெண்ணை ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்து, மாமன்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இன்ஜினுக்குக் கற்பூரம் காட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு ஓட்டத் தெரியாது. கார் ஐஸ்கிரீம் வண்டிமேல் போய்ச் சாய்ந்தது. "பொண்ணுக்கு ஸ்டேரிங் புடிக்கக்கூடச் சொல்லித் தரல, இன்னா வளப்பு வளத்தாங்களோ" என்று சரோஜாம்மா என் காதில் சொன்னார்.

அவருக்கு ஒரு மகள், ரேவதி. தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். ஐஸ்கிரீம் வண்டியை நினைத்தோ என்னவோ, சரோஜாம்மா ஒருநாள் மருமகளிடம் வந்து நின்றார். "இவளுக்குக் கொஞ்சம் கத்துக் குடு. மொறைக்குப் போதுமானதா."

ஒரு ஞாயிறு காலை நானும் அங்கே இருந்தேன். ரேவதி ஸ்டீரிங்கில், பக்கத்தில் அமுதா, பின்னால் நானும் சரோஜாம்மாவும். சரோஜாம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"இன்ஜினப் போடணுமா?" என்றார். "தள்ளத்தானே போறாங்க?"

"போட்டாத்தான் அத்த பழக்கம் வரும்."

ரேவதி சாவியைத் திருப்பினாள். எடுத்த எடுப்பில் கிளம்பியது. தெருவைத் தாண்டி, சிற்பக் கூடங்களின் வெள்ளைத் தூளைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தோம். வலது பக்கம் சவுக்கு மரங்களுக்கு இடையே கடல் விட்டு விட்டு மின்னியது. முன்னால் ஒரு சுற்றுலா பஸ் கரும்புகையைக் கக்கிக்கொண்டு ஊர்ந்தது. ரேவதி பயந்து பயந்து அதன் வாலிலேயே போய்க்கொண்டிருந்தாள்.

சரோஜாம்மா எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மகளின் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

"இன்னாடி அவன் பின்னாடியே போயினு கீறே? முந்துடி."